அருஷா துவரையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

நாலு வருடத்துக்கு முன்னால், மதுரையில் எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் ஆப்பிரிக்க தினம் நடத்தலாம் என்று நான் போய்ச் சொன்னபோது துறைத்தலைவர் முதலில் கேட்டது, "அது என்னைக்கு வருது?" மே 25 என்றேன். 1963-ல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தொடங்கிய நாள் அது. இப்போதைய ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குத் தாய் அமைப்பு. அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கத்திரி வெயில்ல, செமஸ்டர் லீவுல, மதுரையில யாருய்யா வருவா? வாட்ச்மேன் வருவாரு."

சரி என்று ஜூலைக்குத் தள்ளிவைத்தோம். டெல்லியிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்தோம். அங்கே 1955-லேயே டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை வந்துவிட்டது, மும்பையில் 1971-ல் வந்தது, நமக்குத்தான் ஒன்றும் இல்லை என்ற ஏக்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. பயணப்படி, ரூம், பொன்னாடை, நினைவுப்பரிசு என்று துறையின் வருடப் பணம் பாதி போய்விட்டது. ஆப்பிரிக்காவின் புவிசார் அரசியல் பற்றி ஒன்றேகால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். நல்ல பேச்சுதான். வருகைப்பதிவு உண்டு என்று சொல்லி உட்காரவைத்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் தேநீருக்காகக் காத்திருந்தார்கள். கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கை எழுந்தது. "சார், அங்க சிங்கம் ரோட்டுல வருமா?"

அன்று ராத்திரி முழுக்க மாணவர்களைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையது. எங்கள் வரலாற்றுப் பாடத்தில் ஆப்பிரிக்கா என்றால் 1884-85 பெர்லின் மாநாட்டில் ஐரோப்பியர்கள் மேசையில் உட்கார்ந்து பங்கு போட்டது, அப்புறம் நேரே மண்டேலா. நடுவில் ஒன்றும் கிடையாது. 54 நாடுகள் உள்ள கண்டத்தை ஒரு யூனிட்டில் முடித்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் குறைப்படுகிறேன். எகிப்து எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் எம்.ஏ. வகுப்பிலேயே பாதிப் பேர் "மிடில் ஈஸ்ட் சார்" என்கிறார்கள்.

திருப்பம் வந்தது அடுத்த மாதம், சாதாரண வகுப்பில். டான்சானியா பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே கரும்பலகையில் அருஷா என்று எழுதினேன். 1967-ல் அந்நாட்டு அதிபர் ஜூலியஸ் நைரேரே சோசலிசப் பிரகடனம் அறிவித்த ஊர். பின் பெஞ்சில் விருதுநகர்ப் பெண் ஒருத்தி, வழக்கமாக வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள். "சார், அது துவரம்பருப்பு பேரு சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். அவள் விடவில்லை. அவள் அப்பா பருப்பு மில்லில் கணக்குப்பிள்ளையாம். வீட்டில் போன் பேசும்போதெல்லாம் அருஷா என்ன விலை, மட்வாரா என்ன விலை என்றுதான் பேசுவாராம்.

அந்த சனிக்கிழமையே அவளையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு மாட்டுத்தாவணியில் விருதுநகர் பஸ் ஏறினேன். மில்லில் அண்ணாச்சி எங்களை உட்காரவைத்து, கலர் வாங்கிக் கொடுத்து, பழைய பேப்பரை விரித்து அதில் துவரையை மூன்று குவியலாக அள்ளிப் போட்டார். "இது அருஷா. இது மட்வாரா. இது கஜ்ரி, மொசாம்பிக் சரக்கு. பர்மாவுல இருந்து வந்தா லெமன்." ஒரு மணியை எடுத்து நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தார், பல்லில் வைத்துக் கடித்தார். ஈரம் எவ்வளவு, நூறு கிலோ உடைத்தால் பருப்பு எவ்வளவு தேறும், குருணை எவ்வளவு போகும் என்பதெல்லாம் அந்தக் கடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மட்வாரா என்பது டான்சானியாவின் தெற்கு மூலையில் இருக்கிற ம்த்வாரா துறைமுகம். அருஷா கிளிமஞ்சாரோ பக்கத்து ஊர். வரைபடத்தில் நான் தேடிக் காட்டினேன், அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவர் வரைபடத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார், ஆனால் அந்த ஊர்களின் அறுவடைக் காலம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. அங்கே ஆவணி, புரட்டாசியில் சரக்கு வந்துவிடும், நம் நாட்டுப் புதுத் துவரை மார்கழி, தைக்குத்தான் வரும், இடைப்பட்ட காலத்தில் நம் சாம்பாரைத் தாங்குவது அவர்கள்தான் என்றார். 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அடுத்த வருடமே இந்தியா மொசாம்பிக்குடன் துவரை வாங்க ஒப்பந்தம் போட்டது. 2023 கடைசியில் அங்கே நகாலா துறைமுகத்தில் சரக்கு சிக்கிக்கொண்டபோது, இங்கே என்ன நடந்தது என்று பின்னால் ஒருமுறை ஒரு மணி நேரம் சொன்னார். அதில் ஏற்றுமதியாளர்களின் சண்டை இருந்தது, நீதிமன்றம் இருந்தது, இறக்குமதிக் கொள்கை இருந்தது. டெல்லிப் பேராசிரியர் சொன்ன புவிசார் அரசியலேதான், பருப்பு வாசனையோடு.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்று உறைத்தது. நம்மிடம் ஆள் இல்லை என்று நினைத்துத்தானே வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தோம்? ஆள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கா என்ற பெயரில் இல்லை, பருப்பு என்ற பெயரில், வேறு என்னென்னவோ பெயரில் இருக்கிறார்கள்.

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் 'யாருக்கு என்ன தெரியும்' என்று எழுதினேன். இதுதான் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை. ஒவ்வொரு துறையாகப் போய், தேநீர் நேரத்தில், "உங்க வேலையில ஆப்பிரிக்கா எங்கயாவது வருதா?" என்று கேட்பது. "ஆப்பிரிக்க ஆய்வில் உங்களுக்கு நிபுணத்துவம் உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள், படிவம் அனுப்பினால் நிரப்பவே மாட்டார்கள், அதையும் செய்து பார்த்துவிட்டேன். அறுபது பேருக்கு அனுப்பினேன், இரண்டு வந்தது, இரண்டிலும் 'இல்லை'. நேரில் போய் உட்கார்ந்தால் கதையே வேறு. அப்படிக் கிடைத்தவர்களைப் பேசவைத்து ஒரு சின்ன வட்டமாகக் கூட்டம் நடத்த ஆரம்பித்தோம்.

விலங்கியலில் ஒருவர் கண்மாய் மீன்களை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் ஊர் மார்க்கெட்டில் ஜிலேபி மீன் என்று விற்கிறார்களே, அது மொசாம்பிக் திலாப்பியா, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, வந்த பிறகு நாட்டுக் கெண்டைகளை என்ன பாடு படுத்தியது என்று வரைபடம் போட்டுக் காட்டுவார். தாவரவியல் அம்மா, ராமநாதபுரம் பக்கம் நிற்கிற பப்பரப்புளி மரம் ஆப்பிரிக்க பாவோபாப்தான் என்று ஆரம்பித்து, கம்பு சுமார் 4,500 வருடத்துக்கு முன் சகாரா ஓரத்தில், இன்றைய மாலி நாட்டுப் பக்கம் பயிரானது, கேழ்வரகு எத்தியோப்பிய, உகாண்டா மேட்டுநிலம், சோளம் சூடான் என்று போய்க்கொண்டே இருந்தார். புளிக்கே பூர்வீகம் ஆப்பிரிக்காதானாம். அரேபியர்கள் அதை இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைத்து உலகத்தையே குழப்பிவிட்டார்கள். அன்று மத்தியானம் கல்லூரி வாசல் கூழ் வண்டியில் நின்று கம்மங்கூழ் குடிக்கும்போது, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு, தமிழன் பாரம்பரியம் என்று வண்டியில் எழுதியிருந்ததைப் படித்தேன். அழிக்கச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வருடம் குடித்தால் அது நம் பாரம்பரியம்தான்.

வணிகவியலில் ஒருவர் முனைவர் பட்டமே தூத்துக்குடி வழியாக வருகிற முந்திரிக்கொட்டை பற்றித்தான் வாங்கியிருக்கிறார். ஐவரி கோஸ்ட், பெனின், கினி-பிசாவ், டான்சானியா என்று மூச்சுவிடாமல் சொல்கிறார். பத்து வருடமாக ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறோம், எனக்குத் தெரியாது. தமிழ்த்துறையில் ஒருவர் எகிப்தின் செங்கடல் கரையில், குசைர் அல்-காதிமில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் பொறித்த ஓடு கிடைத்ததைப் பற்றிப் பேசினார். உறியில் தொங்கும் பானை. அதே கரையில் பெரெனிகேயில் ஒரு பெரிய சாடி நிறைய, ஏழரைக் கிலோ நம் மிளகு கிடைத்திருக்கிறது. கீழடி அருங்காட்சியகம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடித்துக்கொண்டது. எகிப்து எந்தக் கண்டம் என்று அதற்கப்புறம் யாரும் தப்பாகச் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தமிழ்த் தொடர்பு இனிப்பு மாதிரி, அளவாகத்தான் கொடுக்க வேண்டும். 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது, தில்லையாடி வள்ளியம்மை, மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து என்று தொடங்கினால் அரங்கம் கைதட்டும். கைதட்டல் கேட்டு எனக்கே போதை ஏறி, ஒரு பருவம் முழுக்க அதையே ஓட்டினேன். கடைசியில் பார்த்தால், ஆப்பிரிக்கா என்ற பெயரில் நம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், அந்தக் கண்டத்து மனிதர் ஒருவர் பெயர்கூட வகுப்பில் வரவில்லை. அதற்கப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒரு கூட்டம் தமிழ்த் தொடர்பு என்றால் அடுத்த இரண்டு கூட்டங்களில் தமிழ் என்ற சொல்லே வரக்கூடாது. 1896 அத்வா போரில் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படை இத்தாலியை விரட்டியது, 1957-ல் கானா விடுதலை பெற்றது, 1960 ஒரே வருடத்தில் 17 நாடுகள் விடுதலை பெற்றது, இதெல்லாம் அப்படித்தான் உள்ளே வந்தது.

இனி என் பெரிய தப்பு. அப்போது கணிதத்துறையில் எத்தியோப்பியாவிலிருந்து உதவித்தொகையில் வந்த ஆய்வு மாணவர் ஒருவர் இருந்தார். கல்லூரி விழாவுக்கு அவரைப் பாரம்பரிய உடையில் வரச்சொல்லி, மேடையில் ஆடவும் சொன்னேன். வந்தார், வெள்ளைப் பருத்தித் துண்டு போர்த்திக்கொண்டு தோளைக் குலுக்கி ஆடினார், விசில் பறந்தது. எல்லாம் முடிந்து போகும்போது என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "சார், மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன். என்னை ஆடச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், செல்ஃபி எடுத்தார்கள். என்ன ஆய்வு செய்கிறேன் என்று நீங்கள் உட்பட யாரும் கேட்டதில்லை." கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னார். அவர் செய்தது கோட்டுருவியல், கிராஃப் தியரி. மறுவாரம் கணிதத்துறையில் அவர் உரையைப் போய்க் கேட்டேன், கால்வாசிகூடப் புரியவில்லை, அது கிடக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து அவரே ஒருநாள், எங்கள் வட்டத்தில் பேசுகிறேன், தலைப்பு நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்றார். எழுத்து பற்றிப் பேசினார். அவர் நாட்டு அம்ஹாரிக் மொழியின் எழுத்து வரிசையைப் பலகையில் எழுதிக்கொண்டே வாசித்தார். லெ, லு, லி, லா, லே, ல், லோ. ஒரே உருவம், ஏழு இடத்தில் சின்னச் சின்னக் கால், கொம்பு, வளையம். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், நம் உயிர்மெய் மாதிரியே இருக்கிறதே. 33 அடிப்படை எழுத்து, ஏழு வரிசை, 231 என்று அவர் எழுத, நமக்கு 18 பெருக்கல் 12, 216 என்று ஒரு பையன் கத்தினான். அப்போது ஒரு பெண் கேட்டாள், "ஆறாவது ல்-லுக்குப் புள்ளி எங்க?" புள்ளி கிடையாது, அதே எழுத்தைச் சில இடத்தில் வெறும் மெய்யாகவும் சில இடத்தில் குறுகிய உயிரோடும் வாசிக்க வேண்டும், பழகினால் தெரியும் என்றார் அவர். "அப்ப எங்க முறை தேவலாம் சார்" என்றாள். பின்னாலிருந்து தமிழ்த்துறைக்காரர் சிரித்தார். "ஏம்மா, ஓலைச்சுவடியில நமக்கும் புள்ளி கிடையாது. பழகித்தான் படிச்சோம்." அன்று தேநீர் ஆறிப்போகும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

இதில் நான் கற்றது, வெளிநாட்டு மாணவரை அவர் நாட்டுக்குத் தூதர் ஆக்காதீர்கள் என்பதுதான். முதலில் அவர் துறையில் பேசக் கூப்பிடுங்கள். மற்றதை அவர் விரும்பினால், விரும்பும்போது பேசுவார். பேசாவிட்டாலும் குறையில்லை. அப்புறம் 'இருண்ட கண்டம்', 'நைஜீரியாக்காரன்' மாதிரி சொற்கள் ஆசிரியர் அறையில் எப்படிப் புழங்குகின்றன என்று காது கொடுத்துக் கேளுங்கள். அதைச் சரிசெய்யாமல் பேனர் கட்டிப் பிரயோசனம் இல்லை.

அந்த எத்தியோப்பிய மாணவருக்கு வீடு பார்க்கப் போனபோதுதான் ஊரும் எனக்குப் புரிந்தது. மூன்று வீடு. "எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், அக்கம்பக்கத்துல என்ன சொல்வாங்களோ" என்று மூன்று இடத்திலும் ஒரே வசனம். கடைசியில் கைகொடுத்தது அந்த நோட்டுதான். அதில் பதினாலாவது பெயர், 1979-ல் நைஜீரியாவில் கடுனா போய் எட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவர். எண்ணெய்ப் பணம் கொழித்த காலம், ஒரு நைரா ஒரு டாலருக்கும் மேல் இருந்தது, பின்னால் எண்ணெய் விலை சரிந்து நைரா விழுந்ததும் நம் ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். அவரைப் பேசவைக்கத்தான் முதலில் போயிருந்தேன். அவர் சம்பளக் கணக்கு மட்டும் சொன்னார். காபி கொண்டுவந்த அவர் மனைவிதான் ஹௌசா மொழியில் சந்தையில் பேரம் பேசுவது எப்படி என்று நடித்தே காட்டினார். "'நவா நே?'ன்னு கேட்கணும், எவ்வளவுன்னு அர்த்தம். விலையைச் சொன்னதும் முகத்தைச் சுளிச்சுட்டு நாலடி நடந்துரணும், கூப்பிடுவா. நம்ம யானைக்கல்லு மார்க்கெட்டு மாதிரிதான் தம்பி." அந்த அம்மாவுக்குப் பட்டம் கிடையாது, எங்கள் வட்டத்தில் இதுவரை அதிகம் பேர் வந்த கூட்டம் அவருடையது. வீட்டு விஷயத்தைப் போனில் சொன்னதும், "மாடி போர்ஷன் சும்மாதான் கிடக்கு, வரச்சொல்லுங்க. கடுனாவுல எங்களுக்கு வீடு விட்டவங்க அக்கம்பக்கத்தையா கேட்டாங்க?" என்றார்.

இப்போது வேலை நடக்கிற விதம் பற்றி, ஏனென்றால் இதைக் கேட்டு நிறையப் பேர் போன் செய்கிறார்கள். ஆய்வு மையம் என்று மனு எழுதாதீர்கள். நான் எழுதினேன், அது மேசை மேசையாகப் போய் இன்னும் எங்கோ இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் 30 மணி நேர மதிப்புக்கூட்டுப் படிப்பு தொடங்கத் கல்லூரிக்குள்ளேயே அனுமதி வாங்கிவிடலாம், நாக் எனும் கல்லூரித் தரமதிப்பீட்டுக்கு அந்த எண்ணிக்கை நிர்வாகத்துக்கும் தேவைப்படும், அதனால் தடுக்க மாட்டார்கள். அந்த முப்பது மணி நேரத்தை நோட்டில் இருக்கிறவர்களுக்கு இரண்டு இரண்டு மணியாகப் பிரித்துக் கொடுத்தோம், மதிப்பூதியம் இல்லை, வடையும் காபியும் உண்டு. பாடப்புத்தகம் வாங்கவில்லை. யுனெஸ்கோவின் ஆப்பிரிக்க வரலாறு முதல் எட்டுத் தொகுதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பெரும்பாலும் ஆப்பிரிக்க அறிஞர்களே எழுதியது. நூலகத்தில் ஆப்பிரிக்க வரலாற்றுக்கான 960 எண் அடுக்கைப் போய்ப் பாருங்கள், எங்களுடையதில் அறுபதுகளில் வாங்கிய நல்ல புத்தகங்கள் அட்டை பிரியாமல் இருந்தன.

பிரெஞ்சுத் துறையை மறக்காதீர்கள். எங்கள் பிரெஞ்சு ஆசிரியை பாரிஸை விட்டு வெளியே வரவே இல்லை, ஐவரி கோஸ்டின் அபிஜானிலும் செனகலின் டக்காரிலும் அந்த மொழிதான் ஆட்சிமொழி என்று தெரிந்தும் பாடத்தில் இடம் இல்லை. வணிகவியல்காரரையும் அவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தோம். முந்திரிச் சரக்கோடு வருகிற பிரெஞ்சு ஆவணங்களை மாணவர்கள் வாசித்துப் பழகினார்கள். அதில் ஒரு பையன் தூத்துக்குடியில் ஒரு இறக்குமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிற பெற்றோருக்கு இப்போது அவனைத்தான் காட்டுகிறேன். 2023-ல் சென்னை ஐ.ஐ.டி. சான்சிபாரில் வளாகம் திறந்ததையும், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் ஆப்பிரிக்காவில் ஓடுவதையும் சேர்த்துச் சொன்னால் அப்பாக்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

தோற்றதும் உண்டு. ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டோம், கையெழுத்துப் படத்தைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. சுவாஹிலி வகுப்பு தொடங்கி ஏழாவது வாரம் நின்றுபோனது, லட்சத்துக்கு அவர்களும் லக்கி என்றுதான் சொல்கிறார்கள், கடைக்கு டுக்கா என்கிறார்கள் என்று முதல் வாரம் இருந்த குஷி, பெயர்ச்சொல் வகைகள் வந்ததும் ஓடிவிட்டது. மறுபடி தொடங்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நோட்டில் இப்போது நாற்பத்தொரு பெயர்கள். விருதுநகர்ப் பெண் எம்.ஏ. சேர்ந்துவிட்டாள், நோட்டு அவளிடம்தான் இருக்கிறது, என் கையெழுத்து புரியவில்லை என்று முழுவதையும் திருப்பி எழுதிவிட்டாள். எத்தியோப்பியத் தம்பி பட்டம் வாங்கி ஊர் போய்விட்டார், வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இருக்கிறார். வருகிற சனிக்கிழமை தூத்துக்குடிக்கு, கானா தேக்கும் ஐவரி கோஸ்ட் முந்திரியும் இறங்குகிற இடத்தைப் பார்க்கப் போகிறோம். வண்டி காலை 6 மணிக்கு என்று குழுவில் போட்டேன். எத்தியோப்பியாவில் பொழுது விடிந்துதான் மணி எண்ண ஆரம்பிப்பார்கள், நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. அடிஸ் அபாபாவிலிருந்து உடனே பதில் வந்தது. "12 மணிக்குப் புறப்பாடு என்று திருத்தவும், சார்."